டேஷ் பேடும் முன் கண்ணாடியும்: கடலோரத்துப் பழைய காருக்கு எது தாங்கும்?

பழைய காரில் டேஷ் பேடு (டேஷ்போர்டின் மேல் இருக்கும் மெத்தை) ஒரு வேலை, முன் கண்ணாடி இன்னொரு வேலை என்று பிரித்துச் செய்பவர்கள் ஒரே கூலியை இரண்டு தடவை கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பேடின் முன் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றிரண்டு, கண்ணாடியும் டேஷும் சேரும் குறுகலான மூலையில் உட்கார்ந்திருக்கும். ஸ்பேனர் உள்ளே போகாது, போனாலும் திரும்பாது. "கண்ணாடிய எறக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் சார், எறக்காம செஞ்சா நாள் பூரா ஆகும்" என்று எந்த ஃபிட்டரும் சொல்வார். அதனால் எந்தக் கண்ணாடி, எந்த பேடு, எந்த ரப்பர் என்று மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம்.

பேடு ஏன் வெடிக்கிறது? மேலே பி.வி.சி. தோல், நடுவில் ஃபோம், அடியில் தகரமோ பிளாஸ்டிக்கோ. தோலை மிருதுவாக வைத்திருக்க அதில் கலந்த எண்ணெய் போன்ற பொருள், வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கண்ணாடியின் உள்பக்கத்தை எத்தனை முறை துடைத்தாலும் ஒரு மங்கல் படலம் திரும்பத் திரும்பப் படிகிறதே, அதில் பெரும்பங்கு பேடிலிருந்து கிளம்பி வந்ததுதான். எண்ணெய் போன தோல் சுருங்கி, ஸ்பீக்கர் துவாரம், ஏர் வென்ட் மூலை என்று பலவீனமான இடம் பார்த்துப் பிளக்கும். சித்திரை வெயிலில் கடற்கரைச் சாலையில் நிறுத்திய காரின் டேஷ் 70 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். பளபளப்புக்காகத் தடவும் பாலிஷ் இதற்கு மருந்து இல்லை.

மாற்று பேடு என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பழைய உதிரிகள் விற்கும் சென்னை புதுப்பேட்டை. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் போனால் சுமார் 150 கிலோமீட்டர். கிடைத்தால் அளவு அச்சாக உட்காரும், துளைகள் ஒத்துப்போகும். ஆனால் அங்கே கிடைப்பதும் உங்கள் வண்டியின் வயதுடையதுதான். உங்கள் பேடு தின்ற வெயிலை அதுவும் தின்றிருக்கும். ஷெட்டில் தூங்கிய வண்டியிலிருந்து கழற்றியது என்றால் ஒழிய அதற்கு நல்ல விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. இனி வரத்தும் குறையும். மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்சிகள் ஓடிய வரைக்கும் பத்மினி உதிரிகளுக்கு ஒரு சந்தை இருந்தது. 2023 அக்டோபரோடு அவை சாலையை விட்டு இறங்கிவிட்டன.

பழைய பேடின் மேலேயே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி அமெரிக்க கார்களுக்கு ரெடிமேடாகக் கிடைக்கிறது. அம்பாசடருக்கும் கான்டெஸாவுக்கும் அதை எதிர்பார்க்க வேண்டாம். வேறு காருக்கானதை வெட்டி ஒட்டினால் உயரம் ஏறி, கண்ணாடி ஓரத்தில் பல் இளிக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு யோசனை ஃபைபர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின; கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் அந்தப் படகுகளுக்கு ஒட்டுப்போடத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய பேடின் மேல் அச்சு எடுத்து அதே வடிவில் ஓடு வார்த்துத் தருவார்கள். வடிவம் பிரமாதமாக வரும், உப்புக்காற்றும் ஒன்றும் செய்யாது. ஆனால் பேடு அங்கே இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, பெல்ட் இல்லாத அந்தக் கால வண்டியில், தலை மோதுகிற இடம் அது. ஃபைபர் ஓட்டை மொட்டையாக மாட்டுவதும் தகர டேஷில் மோதுவதும் ஒன்றுதான். ரெசின் முழுக்க இறுகாமல் மாட்டினால் அந்த வாடை மாதக்கணக்கில் கேபினை விட்டுப் போகாது. அடிச்சட்டமே துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால் ஃபைபரை அடித்தளமாக வைத்து மேலே ஃபோமும் ரெக்ஸினும் போடலாம். அந்த ஒரு நிலைமைக்கு மட்டும் நான் இதை ஒப்புக்கொள்வேன்.

என் ஓட்டு, சொந்த பேடையே கழற்றிச் சீர்செய்து ரெக்ஸின் போடுவதற்கு. விரிசலை 'வி' வடிவில் வெட்டி அகலப்படுத்தி, வளையும் தன்மையுள்ள ஃபில்லரால் நிரப்பி, தேய்த்துச் சமமாக்கிப் பிறகு ரெக்ஸின். பாடிக்குப் போடுகிற பட்டியை இங்கே பூசினால் அது இறுகி, ஃபோம் அசையும்போது மறுபடி அதே கோட்டில் வெடிக்கும். சீட் தைப்பவர்களில் எல்லோருக்கும் டேஷ் கைவராது. சீட்டில் துணி மேடுமேல் இழுத்துப் பிடிக்கிறது. டேஷிலோ மீட்டருக்கு மேலே குழிவான வளைவு இருக்கும். ஒட்டிய அன்று ஜம்மென்று இருக்கும், வெயிலில் பசை இளகியதும் ரெக்ஸின் நேர்கோட்டுக்குத் திரும்பப் பார்த்து அங்கே பலூன் மாதிரி எழும்பும். நாலு பக்கமும் இழுபடும் வகை ரெக்ஸினும் வெப்பம் தாங்கும் பசையும் வேண்டும். குழி ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் தையல் விட்டே ஆக வேண்டும். தையல் தெரியாமல் செய்து தருகிறேன் என்பவரிடம், முன்பு செய்த வண்டியில் ஒரு கோடை கடந்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

நிறத்தில்தான் பேடும் கண்ணாடியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. பளபளப்பான ரெக்ஸினோ வெளிர் பழுப்போ போட்டால், காலையில் கிழக்குப் பார்த்து ஓட்டும்போது முழு டேஷும் கண்ணாடியில் எதிரொளித்து, எதிரே வரும் சைக்கிள்காரரே மங்கலாகத்தான் தெரிவார். வண்டியின் உள் நிறம் எதுவானாலும் பேடின் மேல்தளம் மங்கிய கறுப்பாகவோ அடர் சாம்பலாகவோ இருக்கட்டும். ரெக்ஸின் துண்டை டேஷ் மேல் விரித்து, வெயிலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். டஃபன் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்து வேகமாகக் குளிரவைத்தது. உடைந்தால் சிறு கட்டிகளாக உதிரும். உதிர்வதற்கு முன் ஒரு நொடியில் கண்ணாடி முழுதும் வெள்ளையாகிவிடும், சாலையே தெரியாது. லேமினேட்டட் என்பது இரண்டு தாள் கண்ணாடி, நடுவில் பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம். லாரி டயர் தெறித்த கல் பட்டால் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் விழும், வீடு வந்து சேரலாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதி, மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு தயாரான கார்களுக்கு முன் கண்ணாடி லேமினேட்டடாக இருப்பதைக் கட்டாயமாக்கியது. 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதும் அதே விதிதான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றாலும், வாங்கப்போவது புதுக் கண்ணாடி என்னும்போது டஃபனுக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. ஒரிஜினல் டஃபன் கண்ணாடி கீறல் இல்லாமல் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஓட்டாமல் காட்சிக்கு வைக்கிற வண்டி என்றால் சரி.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் புது லேமினேட்டட் கிடைப்பது சுலபம். அபூர்வ வண்டிகளுக்கு இரண்டே வழி: அச்சுப் பண்ணி வளைத்து வாங்குவது, அல்லது வேறு காரின் பெரிய கண்ணாடியை வெட்டிச் சின்னதாக்குவது. வெட்டும் வசதி லேமினேட்டடுக்கு மட்டும்தான். டஃபனை வெட்டினால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிவிடும். வெட்டிய கண்ணாடியில் அளவு சரியாக வந்தாலும் வளைவு சரியாக வராது. ரப்பர் அதை இழுத்துப் பிடித்திருக்கும், ஒரு நாள் ஸ்பீட் பிரேக்கரில் மூலையிலிருந்து தானாகக் கீறல் ஓடும். அக்ரிலிக் தாள் பேச்சே வேண்டாம். வைப்பர் பட்டுப்பட்டுக் கோடு விழும்.

பேடுக்கும் கண்ணாடிக்கும் கணக்குப் போடுகிறவர்கள் ரப்பரில் மிச்சம் பிடிக்கிறார்கள். கடலோரத்தில் வண்டியைக் கெடுப்பது அந்த மிச்சம்தான். பழைய பீடிங், அதாவது கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், இறுகிப்போயிருக்கும். புதுக் கண்ணாடியோடு அதை மறுபடி மாட்டினால் மூலைகளில் இடைவெளி நிற்கும். கண்ணாடியை இறக்கியதும் ஃபிரேமை விரலால் தடவிப் பாருங்கள். கீழ் இரண்டு மூலையிலும் தகரம் செதில் செதிலாக உரிந்தால் டிங்கர் வேலை முடியாமல் மேலே போகக் கூடாது. புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, உதட்டுக் காடிக்குள் நைலான் கயிறு விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டத் தட்ட உள்ளேயிருந்து கயிற்றை உருவ வேண்டும். உதடு மடிந்து ஃபிரேமைக் கவ்விக்கொள்ளும். கசிவை அடைக்க இறுகாத பியூட்டைல் வகைப் பசைதான் சரி. வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகரத்தைத் தின்னும், லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தையும் பால் மாதிரி வெளுக்க வைக்கும்.

காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருந்து கண்ணாடி விபத்தில் உடைந்திருந்தால், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், ஃபைபருக்கு 30. வெயிலில் வெடித்த பேடு எதிலும் சேராது.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு முன் ரப்பர் படிந்து உட்கார நேரம் கிடைக்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது போன்ற மழைக்கு, ஃபிரேமில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் புது பேடின் ஃபோம் ஊறிவிடும். பேடின் விளிம்பு ரப்பருக்கு அடியில் போகாத வண்டி என்றால், கண்ணாடி ஏறியதும் பேடை மாட்டாமல் வைத்துக்கொண்டு, மேலிருந்து குழாயில் தண்ணீர் விட்டு, உள்ளே டார்ச்சோடு ஒருவரை உட்காரவைத்து மூலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு இல்லையென்றால் மட்டும் பேடை ஏற்றலாம்.