கொளத்தூரில் ஃபைட்டருக்குத் துணை தேடி: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் மதிப்பீடு

பெரம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கவுன்டர் மேல் நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டரில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நீல ஹாஃப்மூன் ஃபைட்டர் ஒன்று, அரைவட்டமாக வால் விரிக்கும் சண்டை மீன். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் சார், ஒண்ணே ஒண்ணுதானா? பாவம், போரடிக்காதா?" அதற்குப் போரடிக்காது. தாய்லாந்தில் நெல் வயலிலும் ஆழமில்லாத தேங்கிய நீரிலும் ஆளுக்கொரு எல்லை வகுத்துக்கொண்டு வாழும் இனம் அது. ஆனால் தொட்டியின் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடப்பது எனக்கே உறுத்தியது. கண்ணாடியில் படியும் பாசியையும், ஃபைட்டர் விட்டுவைக்கிற தீனியையும் தின்ன யாராவது இருந்தால் தேவலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குக் கிளம்பினேன்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்: வில்லிவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். வரிசையாகக் கடைகள், வாசலில் பிளாஸ்டிக் கப்புகளில் ஃபைட்டர்கள், ஒரு கப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அட்டைத் துண்டு. சுற்றுவட்டாரத்தில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. அதனால் ஃபைட்டர் வாங்க இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியாது. கப்பில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்: விரலை நீட்டினால் செவுளை விரித்துக்கொண்டு வர வேண்டும், துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கிடக்கக் கூடாது, கண்ணில் வெண்படலம் இருக்கக் கூடாது. கப்புத் தண்ணீர் அடர்நீலமாக இருந்தால் மெத்திலீன் ப்ளூ என்ற மீன் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். ஏன் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.

நான் முதலில் நுழைந்தது பெரிய, ஏசி போட்ட கடை. தொட்டி அளவைக்கூடக் கேட்கவில்லை. "ஃபைட்டர் கூட விடறதா? ரெண்டு கப்பி, நாலு டைகர் பார்ப், ஒரு சக்கர் எடுத்துக்குங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்று வலையைக் கையில் எடுத்துவிட்டார் பையன். பண்ணும். ஆண் கப்பியின் விசிறி வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டதாகத்தான் தோன்றும். டைகர் பார்ப் விஷயம் நேர்மாறு: அது ஃபைட்டரின் நீளத் துடுப்பைக் கொத்திக் கொத்திக் கந்தலாக்கிவிடும். சக்கர் இன்னும் மோசம். விற்கும்போது விரல் நீளம்தான், ஆனால் ஓர் அடிக்கும் மேல் வளரும். வளர்ந்ததும் வீட்டில் வைக்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் ஊர் ஏரிகளில் வலை வீசுகிறவர்களைக் கேட்டால் அந்த முள்ளுடம்பு மீனைப் பற்றி வண்டி வண்டியாகத் திட்டு கிடைக்கும்.

இரண்டாவது கடை தெருக்கோடியில், தகரக் கூரையின் கீழ். ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர், அவர் மகன், பின்னால் சிமென்ட் தொட்டிகள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "தொட்டி எத்தனை லிட்டர் தம்பி?" 27 லிட்டர் என்றேன். "கல்லு, மேல விடற இடம் எல்லாம் போனா இருபதைத் தாண்டாது. மீன் எதுவும் வேணாம், நத்தை எடுத்துக்க" என்றார். எனக்குக் கோரி மேல் ஆசை இருந்தது. மீசையோடு தரையை முகர்ந்துகொண்டு திரியும் குட்டிக் கெளுத்தி வகை. அதைச் சொன்னதும், "அது கும்பலா இருந்தாத்தான் இருக்கும். ஆறாவது வேணும். ஆறு ஓட உன் தொட்டில தரை ஏது?" என்றார். கூட்டமாக நீந்தும் குட்டி மீனான ஹார்லிகுவின் ராஸ்போரா? அதற்கும் அதே பதில், இரண்டடித் தொட்டி வாங்கினால் வா என்று. பாசி தின்னும் குட்டி மீனான ஓட்டோசிங்க்ளஸ் கேட்டேன். பழைய தொட்டியில் பாசி நன்றாகப் பிடித்த பிறகுதான் தருவாராம், இல்லாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். ஒரு கடைக்காரர் தன் சரக்கை விற்காமல் இருக்க இவ்வளவு வாதாடி நான் பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு நெரைட் நத்தைகள், ஒன்று 50 ரூபாய். இதைவிடப் பொருத்தமான துணை சின்னத் தொட்டிக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணாடிப் பாசியை வழித்து எடுத்துவிடுகின்றன. நன்னீரில் இவற்றின் முட்டை பொரிந்து குஞ்சு பிழைக்காது, ஆகவே தொட்டி முழுக்க நத்தை மயமாகிவிடும் என்ற பயம் இல்லை. குறை ஒன்று உண்டு: கல்லிலும் கட்டையிலும் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையை ஒட்டிவிடும், சுரண்டினாலும் லேசில் போகாது. நம் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் நத்தை ஓட்டுக்கு நல்லது. வெறும் ஆர்ஓ தண்ணீரில் ஓடு அரிக்கும். தாமிரம் கலந்த மீன் மருந்து மட்டும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. நத்தைக்கும் இறாலுக்கும் அது விஷம்.

ஃபைட்டர் முதல் நாள் நத்தையின் மீசைக் கொம்பை இரண்டு தடவை கொத்திப் பார்த்தது. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டதும் சலித்துப்போய் விட்டுவிட்டது. எல்லா ஃபைட்டரும் இப்படி விட்டுவிடாது. குணம் மீனுக்கு மீன் மாறும், துணை விட்ட முதல் வாரம் கண் வைத்திருங்கள்.

அங்கேயே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்பும் வாங்கினேன், இரண்டும் சேர்த்து 370 ரூபாய். இதற்கு முன் இணையத்தில் வாங்கிய ரெடிமேட் தொட்டியில் மோட்டார் உள்ளேயே பொருத்தி வந்தது. பிராண்ட் பெயர் வேண்டாம். அந்த வேகத்தில் ஹாஃப்மூன் பட்டம் மாதிரி அடித்துக்கொண்டு போகும். நீளத் துடுப்புக்காரனுக்கு ஸ்பாஞ்ச்தான் சரி, மெதுவாகக் குமிழி விடும். புது ஸ்பாஞ்சை மாட்டியதும் வேலை செய்யாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அக்கா தன் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை ஒரு பையில் கட்டி இலவசமாகக் கொடுத்தார். பார்க்க அருவருப்பு, ஆனால் கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன், மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டு கட்டாயம்.

ஹீட்டர் விஷயத்தில் அக்காவோடு ஒத்துப்போகிறேன்: சென்னைக்கு வேண்டாம். குளிர்நாட்டுக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஹீட்டர் இல்லாமல் ஃபைட்டர் செத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். 24 முதல் 28 டிகிரி அதற்குச் சுகம். என் கடையில் டிசம்பர் இரவில்கூட 24-க்குக் கீழே போகவில்லை. நமக்குப் பிரச்சினை மே மாதம்தான். மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை போட்டு, மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வலையில்லாமல் திறந்து வைக்காதீர்கள், ஃபைட்டர் குதிக்கும். நீர்மட்டத்துக்கு மேல் காற்றிடமும் வேண்டும், அது மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும் மீன்.

தீனியில் மட்டும் அக்காவோடு எனக்குச் சண்டை. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைத் தள்ளப் பார்த்தார். சாக்கடையில் அள்ளி வருவது அது, நோயும் சேர்ந்து வரும். நான் பெலட் என்ற உருண்டைத் தீனிதான் போடுகிறேன், காலையில் நாலு, மாலையில் நாலு, ஞாயிறு பட்டினி. பாதாம் மரத்தின் காய்ந்த இலையை ஒரு கட்டு பத்து ரூபாய்க்கு விற்கிறார்கள். தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், ஃபைட்டருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் தெரு ஸ்கூல் வாசலில் சும்மாவே உதிர்ந்து கிடக்கிறது, அதற்குப் பணம் கொடுப்பானேன்.

மற்றபடி, தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடையாது, எந்தக் கடையிலும் பில் கிடையாது, செத்தால் மாற்றித் தருவதும் கிடையாது. ஜிபே எல்லாரிடமும் உண்டு. ஞாயிறு ஒன்பது மணிக்குள் போய்விட்டால் அக்காவிடம் நின்று பேச முடியும். அதற்குமேல் போனால் அவர் மகன்தான் கவுன்டரில் இருப்பார், அவருக்கு லிட்டர் கணக்கெல்லாம் கேட்கப் பொறுமை கிடையாது.