ஓய்வு வயதா, வரி வரம்பா?

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைக் காப்பாற்ற இரு வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது, முழு ஓய்வு வயதை, அதாவது ஓய்வூதியத்தைக் குறைவின்றிப் பெறும் வயதை, மேலும் உயர்த்துவது. அதிபர் ரீகன் காலத்தில் இரு கட்சிகளும் ஒத்துப்போய் 1983-இல் நிறைவேற்றிய சட்டம், 1960-இலும் அதன் பின்னரும் பிறந்தோருக்கு அதை 65-இலிருந்து 67 ஆக்கியது. அன்றைய முதியவர்களின் ஓய்வு வயதை அது தொடவில்லை. கூரை வேயும் தொழிலாளிக்கும் மேசையில் அமரும் வழக்கறிஞருக்கும் அந்த ஈராண்டுகள் ஒன்றல்ல.

மற்றொன்று, வரிக்குட்படும் ஊதிய வரம்பை உயர்த்துவது. 2024-இல் 1,68,600 டாலருக்கு மேற்பட்ட ஊதியத்திற்கு இந்த ஓய்வூதியத்துக்கான 6.2 சதவீத வரி இல்லை என்றிருந்ததால், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஈட்டுபவர் மார்ச் தொடக்கத்திலேயே தம் பங்கைச் செலுத்தி முடித்துவிட்டார். மிதவாதியான எனக்கு, இந்த வரம்பை முதலில் உயர்த்துவதே நியாயமாகப் படுகிறது. வயதில் கைவைப்பதாயின், உடலுழைப்பாளருக்கு விலக்களித்த பிறகே அதைச் செய்யலாம்.