எலும்பு நிரப்புப் பொருள் விற்பனையாளர்: சரக்கு நல்லது, கிடங்குதான் கவலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் அறுவை அரங்கத்துக்கு எலும்பு நிரப்புப் பொருள்களை வழங்கிவரும் விற்பனையாளரின் சேவையைப் பற்றி, ஸ்டோர் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். சரக்கின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. அதை அவர்கள் வைத்திருந்த விதத்தில்தான் குறை.

2023 பிப்ரவரியில் வந்த கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் பெட்டியில் காலாவதித் தேதிக்கு இன்னும் 14 மாதம் இருந்தது. ஆனால் அலுமினிய உறையின் ஒட்டு ஓர் ஓரத்தில் நூலளவு பிரிந்திருந்தது. உள்ளே பொடி, மழைக்காலத்து உப்பைப் போலக் கட்டிதட்டிக் கிடந்தது. நீர் சேர்ந்தால் இறுகுவதற்கென்றே செய்த பொடி அது. பிப்ரவரி இங்கே கோடை; கடலோரக் கோடையின் ஈரக்காற்று புகுந்தாலே அந்த வினை மெல்லத் தொடங்கிவிடும்; பிறகு அரங்கில் குழைக்கும்போது இறுகத் தாமதமாகும், இறுகினாலும் போதிய வலு இருக்காது. எலும்பின் கனிமத்தை ஒத்த, சுட்டெடுத்த ஹைட்ராக்சிஅபடைட் துகள்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. உடலுக்குள் கரையும் பாலிலாக்டிக் அமிலத் திருகுகளுக்கோ கூடுதல் கவலை: ஈரம் அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது, வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது, கண்ணுக்கோ ஒன்றும் தெரிவதில்லை.

செயற்கை மூட்டை எலும்பில் பதிக்கும் அக்ரிலிக் போன் சிமென்ட்டின் திரவம் வரும் ஆம்பூலை, அதாவது மூடிய சிறு கண்ணாடிக் குப்பியை, வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்கு மிகாமல் வைக்க வேண்டும். ஆம்பூலைச் சாய்த்தால் திரவம் தண்ணீரைப் போல ஓட வேண்டும். தேனைப் போலத் தயங்கினால் அது முன்கூட்டியே இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்; நான் அதை ஒதுக்கிவிடுவேன். அந்த மாதம் ஏறத்தாழ நாள்தோறும் மின்வெட்டு. கிடங்கின் ஏசி எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்டதற்கு, "தேதிதான் இன்னும் இருக்கிறதே, அம்மா" என்றார்கள். அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே வெப்பமானிக் குறியும், மழைத்துளியோடு குடைக் குறியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றை மீறி வைத்த பெட்டிக்குத் தேதி எந்த உத்தரவாதமும் தராது.

நியாயமாகச் சொல்வதானால், பெட்டியை மறுநாளே மாற்றித் தந்தார்கள். இப்போது ஒவ்வொரு சரக்கோடும் கிடங்கின் வெப்பநிலைப் பதிவுத் தாளும் வருகிறது. ஆனால் அந்தப் பதிவு கிடங்கு வாசலோடு நின்றுவிடுகிறது. கூரியர் வண்டியில் மதியம் வரை பெட்டிகள் வெயிலில் கிடப்பதற்குக் கணக்கே இல்லை. அதற்கும் ஒரு பதிவுக் கருவி வைக்கும்வரை துகள்களை மட்டும் இவர்களிடம் வாங்குவேன். சிமென்ட்டையும் திருகையும் வாங்கமாட்டேன்.