படத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்க்கவில்லை: இந்தத் தடவை மாயவரம்

அம்மாவின் கையை ஒரு டாக்டராவது தொட்டுப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கியதுதான் இந்த ஊர்ப் பயணத்தில் எனக்கு மிஞ்சிய பெரிய ஆற்றாமை.

கொல்லைப் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் லண்டனிலிருந்து வந்து சேர்வதற்குள் மாவுக்கட்டு போட்டு, பிரித்தும் ஆகியிருந்தது. கட்டு போட்ட முதல் வாரத்திலேயே "இறுக்கிப் பிடிக்குது, உள்ளே எரியுது" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தங்கை போய்ச் சொன்னதற்கு, "கட்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

நான் பார்த்தபோது கை வீங்கி, தோல் பளபளவென்று மினுங்கி, செக்கச்செவேல் என்று இருந்தது. இடது கையை விட நன்றாகவே சூடு. புடவைத் தலைப்பு உரசினால் துடித்துப்போனாள். காற்று பட்டாலும் எரிகிறது என்று அந்த மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தாள். கட்டு பிரித்த பிறகு வலி குறையத்தானே வேண்டும்? நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனது.

கட்டு போட்ட அதே தனியார் ஆஸ்பத்திரிக்கே மறுபடியும் போனோம். காலையில் டோக்கன் போட்டால் மத்தியானத்துக்குள் எலும்பு டாக்டரைப் பார்த்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லண்டனில் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து, வலிக்கான கிளினிக்கிலிருந்து கடிதம் வருவதற்கே மாதங்கள் ஓடிவிடும். அந்த நிம்மதியோடுதான் உள்ளே போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எலும்பு நல்லா சேர்ந்துடுச்சே, வலிக்கக் காரணமே இல்லையே" என்றார். அம்மா கையை மெல்ல எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவர் கண் அந்தப் பக்கம் போகவில்லை. கை சிவந்திருக்கிறது, சூடாக இருக்கிறது என்றேன். "வயசானா பயம் வரும். மனசைத் தைரியமா வெச்சுக்கங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் அசைக்காம கழுத்துல கட்டித் தொங்கவிடுங்க" என்று சொல்லியபடியே வலி மாத்திரையும் கால்சியமும் எழுதினார். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டது.

ஆட்டோவில் அம்மா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் நடிக்கிறேன்னு நினைச்சுட்டாராடா?" என்று கேட்டாள். மூன்று பிள்ளை பெற்றவள். ஆயுசு முழுக்க ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட யாரையும் கேட்காதவள். அவள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததை நான் மறக்கப்போவதில்லை.

எங்கள் தெருவுக்கு வந்துபோன பழைய டாக்டரை நினைத்துக்கொண்டேன். காகிதத்தை மடித்து வெட்டி, வேளைக்கு இவ்வளவு என்று ஒட்டிய அந்தச் சிவப்பு மிக்சர் பாட்டில் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். அவரிடம் ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. ஆனால் நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு, இங்கே அமுக்கினால் வலிக்கிறதா என்று கேட்காமல் பேனாவை எடுக்க மாட்டார்.

உறவுக்காரர்கள் புத்தூர் கட்டு போடலாம், எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காற்றே படக்கூடாத கையை எப்படி நீவ விடுவது?

விடிவு எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே மாமாவுக்குப் பக்கவாதம். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கே வருவார். அத்தை சொல்லி, எங்கள் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கையையும் நீட்டுங்கம்மா" என்றார். தன் புறங்கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துச் சூட்டை ஒப்பிட்டார். நகம் வளர்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தார், உள்ளங்கை வியர்வையைப் பார்த்தார், பஞ்சால் லேசாகத் தடவிப் பார்த்தார். "இது சி.ஆர்.பி.எஸ். மாதிரி தெரியுது சார். அம்மா சொல்ற வலி நிஜம்" என்றார். அம்மா அழுதுவிட்டாள்.

காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். காயம் ஆறிய பிறகும் நரம்புகள் அபாய மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு நரம்பு சிதைந்த வீரர்கள் இப்படி எரிச்சலில் துடித்ததை வெயர் மிட்செல் என்ற மருத்துவர் அப்போதே எழுதிவைத்திருக்கிறார். இப்போதைய பெயர் வந்தது 1994-இல். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் வரும். மணிக்கட்டு முறிவுக்குப் பின் இது வருவது அபூர்வமில்லை. ஆக, எலும்பு டாக்டர்களுக்கு இது அன்னியமான விஷயமே இல்லை. இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரேயும் போதாது. கையைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த அறையில் நடக்காதது இந்த மூன்றும்தான். பிரிட்டனில் இதற்கென்றே ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012-இல் வழிகாட்டி போட்டு, 2018-இல் புதுப்பித்திருக்கிறது. அங்கே காத்திருக்க வைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் முறை வரும்போது கையையும் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் சொல்லித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே சாதாரண வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் இரவுக்கு எழுதினார்கள். கையைக் கட்டித் தொங்கவிடுவதுதான் இதற்கு ஆகாத வேலை, மெல்ல மெல்லப் புழங்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

வீட்டில் பயிற்சி கண்ணாடியோடு நடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை நடுவில் நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வலிக்கிற கை வலிக்காமல் அசைவது போல மூளைக்குத் தெரியும். 1990களில் கையிழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாய வலிக்காக இந்த முறையைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், தமிழ்நாட்டில் பிறந்தவர். அது ஒரு அரசு ஊழியர் வழியாக எங்கள் வீட்டுக் கூடத்துக்கு, ஒரு பைசா செலவில்லாமல் வந்தது. பஞ்சு, பிறகு வேட்டித்துணி, பிறகு தேங்காய்ப்பூத் துண்டு என்று தோலையும் படிப்படியாகப் பழக்கினார். முதல் சில நாள் அம்மா முனகினாள். அப்புறம் அவளே கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

நான் கிளம்பும்போது வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஃபேன் ஓடியது. டம்ளரைப் பிடிக்கிறாள், துணி பிழிய இன்னும் முடியவில்லை. வலி மிச்சமிருக்கிறது, சிலருக்கு இது வருஷக்கணக்கில் நீளும் என்பதை அந்தப் பெண் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாவுக்கட்டு போட்டிருந்து, முதல் வாரத்திலேயே தாங்க முடியாத வலி என்றாலோ, விரல் மரத்து நீலம் பாய்ந்தாலோ, அன்றைக்கே போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். பிரித்த பிறகும் சிவப்பு, சூடு, வீக்கம், துணி பட்டால் எரிச்சல் என்று இருந்தால், சி.ஆர்.பி.எஸ்.ஸா என்று பெயரைச் சொல்லியே டாக்டரிடம் கேளுங்கள். அவர் கையைப் பார்க்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.