நொய்யில எண்ணெய் ஈஸ்ட் வளக்கறதா, எத்தனாலுக்கு அனுப்பறதா?

எண்ணெய் ஈஸ்ட்டுன்ன உடனே பேக்கரில பன்னு உப்பறதுக்குப் போடற ஈஸ்ட்ட நினைச்சுக்காதீங்க. அது சர்க்கரைய தின்னுட்டு ஆல்கஹாலா வெளிய விடற சாதி, இது தின்னத கொழுப்பாக்கி உடம்புக்குள்ளயே சேத்து வச்சுக்கற சாதி. காஞ்ச எடையில 20 சதவீதத்துக்கு மேல எண்ணெய் இருந்தாதான் இந்தக் கூட்டத்துல சேப்பாங்க, நல்லா வளத்தா 50, 60 கூட போகும். மைக்ரோஸ்கோப்புல பாத்தா செல்லுக்குள்ள பெரிய எண்ணெய்த் துளி ஒண்ணு பளபளன்னு இடத்த அடைச்சுட்டு நிக்கும், மத்ததெல்லாம் ஓரத்துல ஒதுங்கிக் கிடக்கும். எண்ணெயும் கிட்டத்தட்ட பாமாயில் ரகம்தான், மெத்தனால் சேத்து வேலை பண்ணா பயோடீசல்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைன்னு இன்னிக்கு நாலா பிரிஞ்சு கிடக்கற பழைய வடஆற்காட்டுல ஸ்டார்ச்சுக்கா பஞ்சம்? ஆரணி பக்கம் ரைஸ் மில்லு வரிசையா நிக்குது, நொய் மூட்டை மூட்டையா வருது. அதனாலதான் இந்தக் கேள்வியே வருது.

முதல்ல நேருக்கு நேரா கணக்கு போட்டுடலாம். 100 கிலோ நொய்யில சுமார் 80 கிலோ ஸ்டார்ச், அத முழுசா உடைச்சா தண்ணி சேர்றதால 88 கிலோ குளுக்கோஸ். எத்தனால் ஆலைக்குப் போனா சுமார் 45 லிட்டர் எத்தனால் வரும். எண்ணெய் ஈஸ்ட்டுக்குக் குடுத்தா பேப்பர் கணக்குல 28 கிலோ எண்ணெய் வரணும், ஆனா ஈஸ்ட்டும் உடம்பு வளக்கணும் மூச்சு விடணும் இல்ல, கடைசில கைக்கு வர்றது 16, 17 கிலோ, அதுவும் நல்லா ஓட்டினா. எரிசக்தியா பாத்தா எத்தனால் பக்கம் 950 மெகாஜூல் போல, எண்ணெய் பக்கம் 630. அதாவது மூணுல ஒரு பங்கு நம்ம கண்ணு முன்னாடியே காணாம போகுது. எத்தனாலுக்கு காய்ச்சி வடிக்க நீராவி செலவு இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா இந்தப் பக்கமும் ஈஸ்ட்ட வடிகட்டி, காய வச்சு, தடிச்ச செல் சுவர உடைச்சு, எண்ணெயக் கரைக்கற ஹெக்சேன் ஊத்தி எண்ணெய் எடுக்கணும், அது ஒண்ணும் சும்மா வராது.

இதோட முடியல. எத்தனால் ஈஸ்ட்டுக்கு காத்து தேவையில்ல, எண்ணெய் ஈஸ்ட்டுக்கு ராத்திரி பகலா காத்து அடிச்சுட்டே இருக்கணும், கரண்டு பில்லு அங்கதான் ஏறும். காத்து வாங்கி சர்க்கரைய எரிக்கற உயிர் சூடும் நிறைய கக்கும், ஆனா அதுக்குப் பிடிச்சது 28, 30 டிகிரி. நம்மூரு கத்திரி வெயில்ல 40 தாண்டி அடிக்கும்போது டேங்க்க 30ல நிறுத்தணும்னா சில்லர் ஓடணும், கூலிங் டவருக்குத் தண்ணி வேணும், பாலாத்துல மணலே மிச்சமில்ல தண்ணிக்கு எங்க போறது. இன்னொரு விஷயம், இத யாரும் சொல்ல மாட்டாங்க: எத்தனால் ஏற ஏற மத்த பாக்டீரியா பெரும்பாலும் அடங்கிடும், அந்த ஈஸ்ட்டுக்கு அதுவே காவல். எண்ணெய் ஈஸ்ட்டுக்கு அப்படி ஆயுதம் எதுவும் கிடையாது, நாலஞ்சு நாளு இனிப்புத் தண்ணிய திறந்த வீடு மாதிரி வச்சுட்டு உக்காந்திருக்கும், எது வேணா உள்ள வரலாம், அதனால ஸ்டெரைல் பண்ற செலவு தலைக்கு மேல போகும்.

அப்பறம் எதுக்கு இந்த ஈஸ்ட்ட கட்டிட்டு அழணும்னா, எத்தனால் பெட்ரோலுக்குத்தான் ஆகும். 20 சதவீதம் பெட்ரோல்ல கலந்தாச்சு, டீசல் லாரிக்கு அது ஒத்து வராது. டீசல்ல 2030க்குள்ள 5 சதவீதம் பயோடீசல்னு இலக்கு வச்சிருக்காங்க, அதுக்கு எண்ணெய் எங்கன்னுதான் தேடிட்டு இருக்காங்க, காட்டாமணக்கு நட்டு ஏமாந்த கதைதான் ஊருக்கே தெரியுமே. ஃப்ளைட்டுக்கும் எண்ணெய்ல இருந்து எரிபொருள் பண்றதுதான் இப்போதைக்கு நல்லாப் பழகின வழி.

சரி, ஈஸ்ட்தான்னு முடிவு பண்ணா எந்த ஈஸ்ட்? லிப்போமைசஸ் ஸ்டார்க்கின்னு ஒண்ணு இருக்கு, ஸ்டார்ச்ச உடைக்கற அமைலேஸ் என்சைம அதுவே விட்டு ஸ்டார்ச்ச நேரா தின்னும், என்சைம் வாங்கற செலவு மிச்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆமை வேகம். ரொடோடொருலா டோருலாய்டிஸ் வேகமா வளரும், கரோட்டின் வகை நிறமிங்க இருக்கறதால ரோஸ் கலர்ல இருக்கும், தட்டுல வளந்தா குங்குமத்த தயிர்ல குழைச்சு வச்ச மாதிரி. ஆனா ஸ்டார்ச்ச நாமதான் உடைச்சுக் குடுக்கணும். அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நொய் மாவ தண்ணில கரைச்சு சூடு பண்ணா 70, 75 டிகிரில கெட்டியாயி கரண்டி நட்டு வச்சா நிக்கும், அதுல ஆல்ஃபா அமைலேஸ் துளி ஊத்தி 85, 90ல வச்சு கலக்கினா கொஞ்ச நேரத்துல அதே கூழு வடிகஞ்சியா ஓட ஆரம்பிக்கும், அப்பறம் 60 டிகிரிக்கு இறக்கி குளுக்கோஅமைலேஸ் போட்டு விட்டா மறுநாள் இனிப்புத் தண்ணி ரெடி.

என் ஓட்டு ரொடோடொருலாவுக்குத்தான், ஆனா வேகத்துக்காக இல்ல, நைட்ரஜனுக்காக. சர்க்கரை இருக்கணும், நைட்ரஜன் தீந்து போயிருக்கணும், அப்பதான் இந்த ஈஸ்ட்டுங்க உடம்பு வளக்க முடியாம மிச்சத்த கொழுப்பா சேக்கும். கார்பன், நைட்ரஜன் விகிதம், அதாவது ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தன பங்கு கார்பன்ங்கறது, 80, 100க்கு மேல இருந்தா நல்லது. நொய்யில 7 சதவீதம் போல புரோட்டீன் இருக்கு, அத அப்படியே போட்டா விகிதம் 35 பக்கம்தான் வரும், அதுல கிடைக்கற நைட்ரஜன தின்னுட்டு ஈஸ்ட் பெருகுமே தவிர எண்ணெய் வராது. என்சைம் வழியில போனா ஸ்டார்ச் கரைஞ்சதும் கரையாத அரிசி புரோட்டீன வடிகட்டி எடுத்துடலாம், தீவனத்துக்கு வித்தா காசு வேற. மாவ நேரா லிப்போமைசஸுக்குப் போட்டா அந்த வசதி போச்சு.

இதே காரணத்துக்குத்தான் நான் நொய்ய விட மரவள்ளி திப்பிய மேல வைக்கறேன். சேலம், ஆத்தூர் சேகோ ஃபேக்டரில ஸ்டார்ச் எடுத்தது போக மிஞ்சற சக்கை, காஞ்ச எடையில பாதிக்கு மேல இன்னும் ஸ்டார்ச்தான், புரோட்டீன் 2 சதவீதம் போல, விகிதம் தன்னால 80, 90 பக்கம் வந்துடும். ஈரத்தோட இங்க லாரில கொண்டு வந்தா தண்ணிக்குத்தான் வாடகை குடுக்கணும், களத்துல காய வச்சது வாங்கினா சரி. மாட்டுக்காரங்களோட போட்டி இருக்கு, அதையும் பாத்துக்கணும்.

யாரோவியா லிப்போலிட்டிகாவும் பேர் போன எண்ணெய் ஈஸ்ட்தான், ஆனா அதுக்கு ஸ்டார்ச் தின்னத் தெரியாது. அரிசியோட ஆல்ஃபா அமைலேஸ் ஜீனையும் ஒரு பூஞ்சையோட குளுக்கோஅமைலேஸ் ஜீனையும் உள்ள வச்சு 2015ல வேக வைக்காத ஸ்டார்ச்ச தின்ன வச்சாங்க. சாதனைதான், ஆனா ஜீன் மாத்தின உயிரு, நம்ம நாட்டுல 1989 விதிப்படி அனுமதி வாங்கித்தான் தொடணும். மில்லுக்காரங்களுக்கு இது வேண்டாத வேலை.

இத எல்லாம் மில்லு வச்சிருக்கற பெரியப்பாகிட்ட சொன்னப்போ அவரு ஒரே போடா போட்டாரு: "இன்னாடா, எண்ணெய்க்காக நொய்ய ஊற வைக்கறன்றியே, தவுட்டுலதான் ஏற்கெனவே எண்ணெய் எடுத்துனு இருக்காங்களே?" கரெக்ட்டு. தவுட்டுலயே 15ல இருந்து 20 சதவீதம் எண்ணெய் ரெடியா இருக்கு, காத்து வேணாம், சில்லர் வேணாம், ஆனா அது சமையல் எண்ணெயா பாட்டில்ல போயிடுது, எரிக்கறதுக்கு மனசு வராது. ஈஸ்ட் எண்ணெய்க்கும் நாளைக்கு அதே கதைதான் ஆகும்னு நினைக்கறேன், தரமா வந்துட்டா சோப்புக்காரனும் க்ரீம் பண்றவனும் பயோடீசல்காரன விட நல்ல விலை குடுப்பான்.

பயோடீசல்தான் வேணும்னா இன்னிக்கு நம்ம பக்கத்துல அதுக்கு சுலபமான எண்ணெய் வறுத்து மிஞ்சின எண்ணெயும், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடற ஷாப்புங்கள்ல தோல சீவும்போது வர்ற கொழுப்பும்தான். ஹோட்டல், ஹாஸ்டல்ல மிஞ்சற சோறுன்னா பேச்சே வேணாம், உப்பு, மசாலா, எண்ணெய் எல்லாம் கலந்தத எந்த எண்ணெய் ஈஸ்ட்டுக்கும் குடுக்காதீங்க, நேரா பயோகேஸ் டேங்க்ல கொட்டுங்க. ஒரு கிலோ ஸ்டார்ச்சுக்கு கணக்குப்படி 400 லிட்டர் மீத்தேன், ஸ்டெரைல் பண்ண வேணாம், சில்லர் வேணாம், அடுப்புலயே எரிக்கலாம். நொய்ய மட்டும் இட்லி மாவுக்கு வித்துடுங்க, மிஞ்சினத எத்தனால்காரன் எடுத்துப்பான்.