கடற்கரைச் சாலையா, சீப்பு முறையா? குமரிக்கு எந்த அவசர வழி?

நிலநடுக்கமோ சுனாமியோ வந்தால் நிவாரணம் வர வேண்டிய வழிகளுக்கு எங்கள் கடலோர ஊர்க்குழு வரைபடம் போட உட்கார்ந்தபோது மூன்று யோசனைகள் வந்தன. மேற்குக் கடற்கரைச் சாலையை முதன்மை வழியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என வரும் தேசிய நெடுஞ்சாலையை முதலில் பிடித்து, அதிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலைகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம் என்பது அடுத்தது. இதைத்தான் சீப்பு முறை என்கிறேன்: நெடுஞ்சாலை முதுகெலும்பு, இறங்கும் சாலைகள் பற்கள். குலசேகரம், பூதப்பாண்டி வழியாகப் போகும் மலையோரப் பாதை மூன்றாவது. நான் இரண்டாவதுக்குக் கை தூக்கினேன், முடிவும் அதுவே. ஆகவே இதை நடுநிலையான அலசலாக யாரும் படிக்க வேண்டாம்.

மலையோரப் பாதையில் கல் ஏற்றிய டாரஸ் லாரிகளே ஓடுவதால் பாரம் ஒரு சிக்கல் இல்லை. சரிவுதான் பயம். 2015 நேபாள நிலநடுக்கத்தில் அரணிகோ நெடுஞ்சாலையை மறித்தது மலையிலிருந்து சரிந்த மண்ணும் பாறையும். நம் மலையோரப் பாதையில் நான் பஸ்ஸில் போனதோடு சரி, அதனால் அடித்துப் பேச மாட்டேன். இருப்பு வழியாக வைத்திருக்கிறோம்.

கடற்கரைச் சாலைக்காரர்களின் வாதம் லேசானதல்ல. சேதம் விழும் ஊர்கள் அத்தனையும் அதன் ஓரத்தில்தான் இருக்கின்றன. 2004இல் நிலம் நடுங்கியது சுமத்ராவில், அளவு 9.1. நம்மை அடித்தது கடல். கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று ஊர் ஊராகச் சாவு. அந்த ஊர்களுக்கு நேரே போகிற சாலையை விட்டுவிட்டு உள்நாட்டுச் சாலை எதற்கு என்று கேட்டார்கள்.

என் பதில் மணக்குடிப் பாலம். பழையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. கீழமணக்குடியிலிருந்து எதிர்க்கரையில் தெரிகிற மேலமணக்குடிக்குப் போக உள்ளே ஏறிச் சுற்ற வேண்டியதாயிற்று. கடற்கரைச் சாலை ஒவ்வொரு ஆற்றையும் அதன் முகத்துவாரத்தையொட்டித்தான் கடக்கிறது: பழையாறு மணக்குடியில், வள்ளியாறு கடியப்பட்டணம் பக்கம், குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில். அலையும் முதலில் நுழைவது அங்கேதான். நிலநடுக்கம் பக்கத்திலேயே வந்தாலும் ஆபத்துக் குறையாது. நீரில் ஊறிய மணல் குலுங்கும்போது பிடிப்பை இழந்து குழம்பாகிவிடும். பாலம் நின்றாலும் அதற்கு ஏறும் அணுகுசாலை இறங்கிவிடும். லாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓர் இடம் அறுந்தால் எத்தனை ஊர் துண்டாகும்? என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் கேள்வி இது ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் இரண்டு பாலம் போனால் இடையில் உள்ள ஊர்கள் எல்லாம் தீவு. சீப்பு முறையில் ராஜாக்கமங்கலம் சாலை அடைபட்டால் அந்தப் பக்கம் மட்டும் காத்திருக்கும். குளச்சலுக்கும் கருங்கலுக்கும் வண்டி போய்க்கொண்டிருக்கும். முதுகெலும்பே குழித்துறைப் பாலத்தில் முறிந்தால்? மேற்கே உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக வரலாம், கிழக்கே உள்ளவர்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாக வரலாம். இரு முனையிலும் உள்ளே வர வழி உண்டு என்பதைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிலருக்குச் சலிப்பும் தட்டியது.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் தோஹோகு பகுதியில் இப்படித்தான் செய்தார்கள். முதலில் உள்நாட்டில் வடக்கு தெற்காக ஓடும் நெடுஞ்சாலை, பிறகு சீப்பின் பற்கள் போலக் கடலுக்கு இறங்கும் சாலைகள், கடைசியில்தான் கடலோரச் சாலை. 16 பற்களில் 11 மறுநாளே திறந்துவிட்டன, 15ஆம் தேதிக்குள் 15. சாலையை முழுதாகச் செப்பனிடவில்லை. இடிபாட்டை ஓரம் தள்ளி, வண்டி நுழைய இடம் செய்தார்கள்.

அந்த வேலைதான் இங்கே உதைக்கிறது. நம் பற்கள் ஒல்லி. பாதிக்கு மேல் வளைவு, குளத்தங்கரை, இரு பக்கமும் மதில். பல சாலைகள் ரயில் பாதையை வேறு தாண்ட வேண்டும். அந்த மேம்பாலமோ சுரங்கப்பாதையோ அடைந்தால் அந்தப் பல் அங்கேயே நின்றுவிடும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்தபோது ரப்பர் மரமும் மின்கம்பமும் பின்னிக் கிடந்தது நினைவிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினார்களா என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் கை வைக்க முடியாது. ஜேசிபி இருந்தும் பயனில்லை. அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் மரம் அறுக்கும் மெஷின் யாரிடம், ஜேசிபி யாருடையது, டீசல் எங்கே, மின்வாரியத்தில் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி, வருடா வருடம் பருவமழைக்கு முன் சரிபார்க்க வேண்டும். கடற்கரைச் சாலைக்கு ஒரே பட்டியல் போதும், இதற்கு ஐந்தாறு. சீப்பு முறையின் உண்மையான செலவு இந்தப் பராமரிப்புதான்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் பற்றியும் கேட்டார்கள். 1995இல் கோபேயில் ஹான்ஷின் மேம்பாலச் சாலை 600 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தது. அது கான்கிரீட் தூண், நம்முடையது இரும்பு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் பொறியாளர் இல்லை. ஆனால் பாலத்தை மூடினால் கீழே உள்ள கடைவீதி நெரிசலில் ஆம்புலன்ஸ் நகராது. எனவே மார்த்தாண்டத்துக்குள் நுழையாத ஒரு மாற்றுவழியை வரைபடத்தில் குறித்திருக்கிறோம். குழித்துறை சப்பாத்து, அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலம், அதில் இல்லை. மழை வலுத்தால் அதன் மேல் வெள்ளம் ஓடும்.

நீரோடி, வள்ளவிளை பக்கத்தாருக்கு மட்டும் எங்கள் முடிவு முழுதாகப் பொருந்தாது. அவர்களுக்கு நாகர்கோவிலை விடக் கேரளம் கிட்டே. கொல்லங்கோடு வழியாக வருவதே அவர்களின் முதல் பல்லாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.