ஒரே கல், இரண்டு சாலை: காட்ஸ்வோல்ட்ஸா, யார்க்ஷயர் டேல்ஸா?

மே மாதம் பிறந்துவிட்டால் லண்டனில் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் இருக்கிறது; பழைய கல் வீடுகள், மேடும் பள்ளமுமாகப் போகும் புல்வெளி, ஆட்டு மந்தை, நடுவில் ஒரு டீக்கடை, இவ்வளவும் வேண்டும். லண்டனுக்கு மேற்கே இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் போகலாமா, வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் டேல்ஸ் போகலாமா?

பாதி விடை பெயரிலேயே இருக்கிறது. 'வோல்ட்' என்றால் மேட்டு நிலம். 'டேல்' என்றால் பள்ளத்தாக்கு. முன்னதில் மேட்டின் மேல் ஓட்டுகிறோம், அடிக்கடி பள்ளத்தில் விழுந்து எழுகிறோம். பின்னதில் பள்ளத்தின் அடியில் ஓட்டுகிறோம், எப்போதாவது ஒரு சுவரில் ஏறுகிறோம். இரண்டும் சுண்ணாம்புக்கல் பூமிதான். ஆனால் கல்லின் குணம் வேறு, அதனால் சாலையின் குணமும் வேறு.

காட்ஸ்வோல்ட்ஸ் கல் ஜுராசிக் காலத்தது, ஏறத்தாழ 17 கோடி ஆண்டு வயது. உடைந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மீன் சினையை அழுத்தி இறுக்கியதுபோலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். இரும்புச் சத்து கலந்திருப்பதால் தேன் நிறம். மாலை வெயில் பட்டால் ஊரே நாட்டுச் சர்க்கரையில் கட்டியதுபோல இருக்கும். இந்தப் பாறைப் படுகை மொத்தமும் ஒரு பக்கம் தூக்கி வைத்த பலகைபோலச் சாய்ந்திருக்கிறது. மேற்கு விளிம்பு செங்குத்து. அங்கேதான் 330 மீட்டர் உயர கிளீவ் ஹில். அங்கிருந்து கிழக்கே மெல்லச் சரிந்து போகிறது நிலம். வின்ட்ரஷ், கோல்ன், ஈவன்லோட் என்று சின்ன ஆறுகள் அந்தச் சரிவைக் கீறிக்கொண்டு தேம்ஸை நோக்கி ஓடுகின்றன. சைக்கிள்காரருக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு இறக்கம், ஒரு கிராமம், ஒரு ஏற்றம். எந்த ஏற்றமும் பயமுறுத்தாது. ஆனால் எட்டாவது ஏற்றத்தில் கால் கணக்குக் கேட்கும்.

டேல்ஸ் கல் அதைப்போல் இரண்டு மடங்கு பழையது, 33 கோடி ஆண்டு. வெளிர் சாம்பல் நிறம், கடினம். பனியுகத்தில் பனியாறுகள் இதைக் குடைந்து, அடி தட்டையாகவும் பக்கம் செங்குத்தாகவும் உள்ள பள்ளத்தாக்குகளை விட்டுப்போயின. அதனால் வார்ஃப்டேலில் ஆற்றோரமாக 20 கிலோமீட்டர் போனாலும் பெரிதாக மூச்சு வாங்காது. 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றும். அப்புறம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகச் சாலை திரும்பும். அங்கேதான் கதை மாறும்.

கெட்டில்வெல் ஊரை விட்டு வெளியே வந்ததும் வருகிற பார்க் ராஷ் என்ற ஏற்றம் அப்படிப்பட்டது. இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் நான்கு அடிக்கு ஓர் அடி உயர்கிறது. முதல் வளைவில் எழுந்து நின்று மிதித்தேன். இரண்டாவது வளைவில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்த்தது. இறங்கிவிட்டேன். ஆனால் பெடலில் மாட்டுகிற காலணியின் பிளாஸ்டிக் கட்டை ஈரத் தாரில் வழுக்கியது, தள்ளவும் முடியவில்லை. கடைசியில் காலணியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, வெறும் காலுறையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினேன். சாலையோரம் படுத்திருந்த ஸ்வேல்டேல் ஆடு ஒன்று அசை போடுவதைக்கூட நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கிராமங்கள் என்று வந்தால் காட்ஸ்வோல்ட்ஸோடு டேல்ஸ் போட்டி போட முடியாது. அது கம்பளிப் பணத்தின் வேலை. சிப்பிங் கேம்டனில் கிரெவெல் என்ற கம்பளி வணிகர் 1380 வாக்கில் கட்டிய வீடு இன்னும் தெருவைப் பார்த்து நிற்கிறது. அதே தெருவில் 1627-இல் எழுந்த சந்தை மண்டபத்தின் கல் தரை மேடும் குழியுமாகத் தேய்ந்து கிடக்கிறது. சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றால் வெயிலும் மழையும் படாது. பைபரியின் ஆர்லிங்டன் ரோ முதலில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்கு. 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது.

சிக்கல், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பது. ஆகஸ்ட் மாதம் பகல் 12 மணிக்கு போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் சைக்கிளை ஓட்டவே முடியாது. சுற்றுலாப் பேருந்துகளுக்கும் ஐஸ்கிரீம் வரிசைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் போனால் அதே ஊர் உங்களுடையது. ஆகவே காட்ஸ்வோல்ட்ஸ் போகிறவர்கள் ஓர் இரவு அங்கே தங்குவது நல்லது. காலையில் ரயிலேறிப் பத்தரைக்கு இறங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது கூட்டம்தான்.

டேல்ஸ் கிராமங்களில் அலங்காரம் குறைவு. ஆர்ன்கிளிஃபில் நடுவே ஒரு புல்தரை, சுற்றிச் சாம்பல் நிற வீடுகள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹப்பர்ஹோம் தேவாலயத்துக்குள் போய்ப் பெஞ்சுகளை உற்றுப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய சின்ன எலிகள் ஒளிந்திருக்கும். ராபர்ட் தாம்சன் என்ற யார்க்ஷயர் தச்சரின் முத்திரை அது. எலி தேடுகிற சாக்கில் காலுக்கும் பத்து நிமிடம் ஓய்வு.

சாலை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸில் குறுகிய கிராமச் சாலைகள் நிறைய உண்டு. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவதையெல்லாம் பிடித்துக்கொண்டு போகலாம். ஏ429 நெடுஞ்சாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே அதுதான், நேராகப் போகும், அதனாலேயே கார்கள் பறக்கும். இலையுதிர் காலத்தில் வேலியை வெட்டிவிட்டுப் போவார்கள், முள் சாலையெங்கும் கிடக்கும். ஒரே காலையில் மூன்று பஞ்சர் பார்த்தவன் நான். இரண்டு டியூப் போதாது.

டேல்ஸில் சாலைகளே கம்மி, அதனால் பள்ளத்தாக்குச் சாலையில் கார்களோடு பகிர்ந்துதான் போக வேண்டும். மேலே ஏறிவிட்டால் யாருமில்லை. வேலியில்லாத வெளி, சாலையின் நடுவில் ஆடு, குறுக்கே கால்நடை தாண்டாமல் இருக்கப் போட்ட இரும்புக் கம்பித் தடுப்பு. மழையில் அந்தக் கம்பி கண்ணாடிபோல வழுக்கும். நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். கடைகளும் இல்லை. ஆர்ன்கிளிஃபிலிருந்து மாலம் ஏரி வழியாக மாலம் ஊர் வரும்வரை ஒரு டீ கிடைக்காது. தண்ணீர் பாட்டில் இரண்டு, பையில் வாழைப்பழம். மேலே ஓடை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சிக்கொள்ளும். மாலம் ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே பூமிக்குள் போய்விடுகிறது. ஒரு காலத்தில் அருவி விழுந்த, 80 மீட்டர் உயரமுள்ள மாலம் கோவ் பாறைச் சுவர் வறண்டு நிற்கிறது. 2015 டிசம்பர் புயலில்தான் அதன்மேல் திரும்ப ஒருமுறை அருவி விழுந்தது.

பந்தயப் பெருமை டேல்ஸ் பக்கம். 2014-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் லீட்ஸில் தொடங்கியபோது முதல் நாளே பட்டர்டப்ஸ் கணவாயில் ஏறியது. கணவாய்க்கு அந்தப் பெயர் வரக் காரணம் சாலையோரத்தில் இருக்கும் ஆழமான சுண்ணாம்புக் குழிகள். ஹாஸ் சந்தைக்குப் போன விவசாயிகள் இளைப்பாறும்போது வெண்ணெய் உருகாமல் இருக்க அதற்குள் இறக்கி வைப்பார்களாம். வண்டியை நிறுத்தி எட்டிப் பாருங்கள், தலை சுற்றும். 2019 உலக சாம்பியன்ஷிப் சைக்கிள் பந்தயத்தின் ஆண்கள் சுற்று அதே கணவாய் வழியாகப் போக வேண்டியது. மழையில் பாதை வெள்ளக்காடாகி அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள். உலகின் முதல்தர வீரர்களையே திருப்பி அனுப்பிய வானிலை, நம்மை விடுமா? காட்ஸ்வோல்ட்ஸில் மழை வந்தால் அடுத்த ஊர் நாலு கிலோமீட்டரில் இருக்கும். டேல்ஸில் 589 மீட்டர் உயர ஃப்ளீட் மோஸ் என்ற சாலை உச்சியில் வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

போய்ச் சேருவது காட்ஸ்வோல்ட்ஸுக்குத்தான் சுலபம். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் மோர்டன்-இன்-மார்ஷ். சைக்கிளுக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து கேம்டன், பிராட்வே, ஸ்னோஸ்ஹில், நான்டன், ஸ்லாட்டர்ஸ், ஸ்டோ என்று சுற்றி வந்தால் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டேல்ஸுக்கு கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸ் வரையே இரண்டேகால் மணி நேரம், பிறகு வண்டி மாறி ஸ்கிப்டன். ஒரு நாளில் போய் வருவது வீண்.

மூன்றாவதாக பீக் டிஸ்ட்ரிக்ட்டின் வெள்ளைச் சுண்ணாம்புப் பகுதியையும் சிலர் சொல்வார்கள். டிஸ்ஸிங்டன் டிரெயில் அருமையான பழைய ரயில் பாதைதான், ஆனால் தார் இல்லை. மெல்லிய டயர்காரர்களுக்கு அது வேறு விளையாட்டு.

சரி, எதற்கு என் ஓட்டு? புதிதாகச் சைக்கிள் வாங்கியவர், குடும்பத்தோடு வருகிறவர், கேக் கடையை வைத்து வழி போடுகிறவர், எல்லோரும் காட்ஸ்வோல்ட்ஸ் போங்கள், வாரநாளில் போங்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் யோசிக்கவே வேண்டாம், டேல்ஸ்தான். நான் ஜூனில் கெட்டில்வெல்லில் அறை பதிவு செய்திருக்கிறேன். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கப் பின்சக்கரத்துக்கு 34 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) வாங்கி மாட்டியாகிவிட்டது. பார்க் ராஷில் இந்த முறை காலணியைக் கழற்றுவதாக இல்லை.